பழைய இரும்புக் கடையில் வாங்கிய வேலி

சிங்கப்பூரில், பிடோக் அடுக்குமாடியில் எங்கள் தளத்தில் இருந்த எல்லா வீடுகளும் இரும்புக் கேட்டுப் போட்டுவிட்டன, எங்கள் வீட்டைத் தவிர. எண்பதுகளின் தொடக்கம் அது. காற்று வரட்டும் என்று மரக்கதவைத் திறந்து வைத்தால், தாழ்வாரத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம் எங்கள் கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆள் வைத்துப் போடச் சொல்லி என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். "நானே செய்றேன்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் எனக்கு ஸ்டோர் கிளார்க் வேலை. ஃபிட்டர்களும் டர்னர்களும் கேட்கிற கருவியை எடுத்துக் கொடுப்பதும், சாயங்காலம் திரும்ப வாங்கி வைப்பதும்தான் என் பாடு. ஆனாலும் வருடக்கணக்கில் அவற்றைத் தொட்டுக்கொண்டே இருந்ததில் இரும்பு வேலையில் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற சின்ன இடத்தில் ஒரு பழைய மேசையைப் போட்டு, அதன் ஓரத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்றை இறுக்கியிருந்தேன். செருப்புத் தட்டு, பூந்தொட்டி ஸ்டாண்டு என்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் எதையாவது அறுத்துக்கொண்டும் ராவிக்கொண்டும் இருப்பேன்.

கேட்டுக்கான படத்தை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து வைத்திருந்தேன். சுற்றுச் சட்டத்துக்குப் புதிய பட்டை இரும்பு. நடுவில் நிற்கிற கம்பிகளுக்கு அரை அங்குலச் சதுரக் கம்பி. குழாய் மாதிரி உள்ளே கூடாக இருப்பது வேண்டாம், கட்டிக் கம்பியாக இருக்க வேண்டும். புதுக் கம்பி இருபது அடி நீளத்தில் வரும். அதை எங்கள் லிஃப்டில் எப்படி நுழைப்பது? அதனால் கேட்டை மூன்று அடுக்காகப் பிரித்து வரைந்தேன். அப்படியானால் இரண்டு அடிக்கும் குறைவான துண்டுக் கம்பிகளே போதும். துண்டுக் கம்பிக்குப் பழைய இரும்புக் கடைதான் சரி.

ஒரு சனிக்கிழமை எனக்கு விடுப்பு. மனைவி தையல் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள், மகன் ஞானோபதேச வகுப்புக்குப் போய்விட்டான். நான் பஸ் ஏறி சிராங்கூன் சாலையில் இறங்கி, வழக்கமாகத் தேநீர் குடிக்கிற கடையில் குடித்துவிட்டு ஜாலான் புசார் பக்கம் நடந்தேன்.

அந்தப் பக்கத்துச் சந்துகளில் அப்போது பழைய இரும்புக் கடைகள் நிறைய இருந்தன. கடை என்றால் கதவும் பலகையும் உள்ள கடை இல்லை. தகரக் கூரை, அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கு இரும்பு. லாரியின் வில்பட்டைகள், இடித்த கடைவீடுகளின் ஜன்னல் கம்பிகள், கப்பல் சங்கிலி, துருப்பிடித்த குளியல் தொட்டி. நான் போகிற கடையின் முதலாளி, தவுக்கே என்போம், ஒரு சீனக் கிழவர். பனியனும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். எனக்கும் அவருக்கும் பேச்செல்லாம் மலாயில்தான்.

அரை அங்குலச் சதுரக் கம்பி வேண்டும், குட்டைத் துண்டுகள் போதும் என்று சொன்னதும் அவர் எழுந்து பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே முழங்கால் உயர வேலித் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. தோட்டத்தில் பூச்செடிகளைச் சுற்றிப் போடுகிற மாதிரியான வேலி. சிலவற்றில் துரு, சிலவற்றில் பச்சைப் பெயிண்ட், சிலவற்றில் சில்வர் பெயிண்ட்.

"இதெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"கான்ட்ராக்டர் லாரியில் கொண்டுவந்து கொட்டினான். எங்கே பிடுங்கினான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாகுஸ் இரும்பு, நல்ல இரும்பு. தட்டிப் பார்" என்றார்.

தட்டிப் பார்த்தேன். கட்டிக் கம்பி என்பது சத்தத்திலேயே தெரிந்தது. துருப்பிடித்ததை ஒதுக்கிவிட்டு, சில்வர் பெயிண்ட் அடித்ததாகப் பார்த்து மூன்று துண்டுகளை எடுத்தேன். பெயிண்ட் அடித்து யாரோ நன்றாகக் கவனித்திருக்கிறார்கள், உள்ளே இரும்பு சேதமில்லாமல் இருக்கும் என்பது என் கணக்கு. தவுக்கேயின் பிக்கப் வண்டியிலேயே ஏற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையை ஆரம்பித்தேன். தரையில் பழைய செய்தித்தாளை விரித்தேன். ஹேக்சாவில் புது பிளேடு மாட்டி, அதில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினேன். வேலியிலிருந்து கம்பிகளைக் கழற்றுவது சுலபம்தான். மேலேயும் கீழேயும் இருக்கிற பட்டை இரும்பில் ஓட்டை போட்டு, கம்பியின் முனையை அதில் நுழைத்து, சுத்தியால் தட்டிப் பூப்போல விரித்திருந்தார்கள். அந்தப் பூவை அறுத்துவிட்டால் கம்பி வெளியே வந்துவிடும். நானும் அப்படித்தான் செய்வேன், யாரோ நம்மைப் போல வெல்டிங் இல்லாமல் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் துண்டில் மூன்று கம்பிகள் கழன்றன. நான்காவது கம்பியின் கீழ்ப்பகுதியில் பெயிண்டுக்கு அடியில் ஒரு சின்ன வீக்கம் இருந்தது. இதோடு கம்பியைக் கேட்டில் வைத்தால் அசிங்கமாகத் தெரியும். அந்த இடத்தை வெட்டித் தள்ளிவிடலாம் என்று அதை மட்டும் வைஸில் பிடித்து, வீக்கத்தின் மேலேயே பிளேடை வைத்து அறுக்க ஆரம்பித்தேன்.

இரும்பை அறுக்கும்போது பிளேடு ஒரு மாதிரி கரகரக்கும். அந்தக் கரகரப்பு திடீரென்று குறைந்தது. பிளேடு வழுக்கிக்கொண்டு போனது. குனிந்து பார்த்தேன். செய்தித்தாளில் சாம்பல் நிறத் தூளுக்கு நடுவே மஞ்சளாகத் தூள் விழுந்துகொண்டிருந்தது.

பித்தளை.

கையிலிருந்த ஹேக்சாவை நான் அப்போது நிறுத்தவில்லை. எதற்காக என்று தெரியாமலே இன்னும் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தேன். அப்புறம்தான் கை நின்றது. அரத்தை எடுத்து, வெட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெயிண்டைச் சுரண்டினேன். சில்வருக்கு அடியில் கறுப்புப் பெயிண்ட். கறுப்புக்கு அடியில், கம்பியைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு மஞ்சள் கோடு.

அரத்தைக் கீழே வைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் ஒரே அறையில் குடியிருந்தோம். எங்கள் முதல் குழந்தை அங்கேதான் பிறந்தாள். பெண். ஞானஸ்நானம் கொடுத்து ஒரு மாதம்கூட இருக்கவில்லை. காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், வெறுங்கையோடு திரும்பினோம். அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்தில் சாலையோரமாகச் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு வரிசை இருந்தது. அதில் அடக்கம் செய்தோம். பளிங்குக்கல் வைக்க வசதியில்லை. நாய்கள் மிதிக்காமல் இருக்க ஒரு வேலியாவது போடலாம் என்று நான்தான் கம்பி வாங்கினேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் முதன்முதலாக அறுத்த இரும்பு.

கடைவீட்டின் பின்சந்தில், ஒரு மரப்பெட்டியின் மேல் கம்பியைக் காலால் மிதித்துக்கொண்டு அறுத்தேன். பிளேடு பிளேடாக உடைந்தது. அளவு எடுக்கவும் சரியாகத் தெரியவில்லை. ஒரு கம்பியை ஓர் அங்குலம் குட்டையாக அறுத்துவிட்டேன். இன்னொரு கம்பி வாங்கக் கையில் காசில்லை. பட்டறையில் டர்னராக இருந்த கடையநல்லூர்க்காரர் ஒருவர், "கொண்டாங்க தம்பி, ஒட்டித் தர்றேன்" என்று அந்தக் கம்பியை வாங்கி, ஓர் அங்குலத் துண்டைச் சேர்த்து, பித்தளையை உருக்கி ஊற்றி ஒட்டிக் கொடுத்தார். எதற்கு என்று தெரிந்ததும் அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. கறுப்புப் பெயிண்ட் அடித்தபோது அந்த மஞ்சள் வளையத்தை நான்தான் மூடினேன்.

பித்தளை வைத்து ஒட்டிய கம்பி உலகத்தில் அது ஒன்றுதானா என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வேலித் துண்டைத் திருப்பிப் பட்டை இரும்பைப் பார்த்தேன். மூன்றாவது ஓட்டையும் நான்காவது ஓட்டையும் மற்றவற்றைவிட நெருக்கமாக இருந்தன. அன்றைக்கு முனை தேய்ந்த அளவுகோலை வைத்து நான் குறித்த ஓட்டைகள். மூலையைப் பார்த்தேன். பட்டறை வைஸில் பிடித்து நான் வளைத்தபோது பதிந்த பல்லின் தடம், இரண்டு பெயிண்டுக்கு அடியிலும் மழுங்காமல் இருந்தது.

என் குழந்தையின் கல்லறை வேலியை நான் பணம் கொடுத்து வாங்கி வந்து, வைஸில் மாட்டி அறுத்துக்கொண்டிருக்கிறேன்.

மற்ற இரண்டு துண்டுகளும் சுவரில் சாய்ந்திருந்தன. அவை என்னுடையவை இல்லை. அப்படியானால் அவை யாருடைய பிள்ளைகளைச் சுற்றி நின்றவை? தவுக்கேயின் கொல்லையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தவை எல்லாம்? குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். கதவைப் பூட்டினேனா என்றுகூட இப்போது நினைவில்லை. படியிறங்கி ஓடி, பஸ் ஸ்டாப்பில் நின்றேன்.

இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். யாராவது திருடன் வேலியை மட்டும் பிடுங்கி விற்றிருக்கலாம். கல்லறை அப்படியே இருக்கும். இருக்க வேண்டும்.

இறங்கியதும் எனக்கு இடமே அடையாளம் தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தின் சாலையோர மதில் இல்லை. தகரத்தை நிறுத்தி மறைத்திருந்தார்கள். சாலையை அகலமாக்குகிற வேலை. தகரத்தின் இடைவெளி வழியாக உள்ளே பார்த்தேன். உள்பக்கத்தில் பெரியவர்களின் கல்லறைகள் எல்லாம் சிலுவையோடு அப்படியே இருந்தன. சாலையோரம் மட்டும் செம்மண். அதில் வரிசையாகக் குழிகள். சின்னச் சின்னக் குழிகள். முதல் நாள் பெய்த மழைத்தண்ணீர் எல்லாவற்றிலும் தேங்கியிருந்தது.

காவலுக்கு இருந்தவர் தமிழர்தான், என்னைவிட வயதில் இளையவர். "என்னண்ணே, யாரப் பாக்கணும்?" என்று குடையோடு வந்தார்.

"இங்க இருந்த கல்லறையெல்லாம்?"

"சின்னப் பிள்ளைங்க வரிசை முழுக்க எடுத்தாச்சுண்ணே. அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சே. பேப்பர்ல போட்டாங்க, கோயில்லயும் பூசையில சொன்னாங்க. சொந்தக்காரங்க வந்தாங்க, பக்கத்துல நின்னு எடுத்துட்டுப் போனாங்க."

"வராதவங்க?"

"வராததெல்லாம் ஒண்ணாச் சேத்து எரிச்சு கடல்ல கரைச்சுட்டாங்கண்ணே. மரியாதையாத்தான் செஞ்சாங்க. சாமியார் வந்து செபம் பண்ணாரு."

நாங்கள் பிடோக்குக்குக் குடிபோன பிறகு பக்கத்தில் இருக்கிற கோயிலில் ஆங்கிலப் பூசைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். பழைய பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசையில் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பேப்பரில் அறிவிப்புப் பக்கத்தை நான் என்றைக்குப் படித்தேன்?

"உங்க பிள்ளையாண்ணே?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"இல்ல. தெரிஞ்சவங்க பிள்ள" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

எந்தக் குழி என்று எண்ணிக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். மதில் இருந்தால் அதை வைத்துச் சொல்லியிருப்பேன். மரம் ஒன்று இருந்தது, அதையும் வெட்டியிருந்தார்கள். எனக்கு அந்த இடமே பிடிபடவில்லை. சேற்றில் செருப்பு புதையப் புதைய நடந்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் திரும்பினேன். பஸ் கடற்கரைச் சாலை வழியாகப் போனபோது ஜன்னல் பக்கம் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்ற ஒரே கேள்விதான் இருந்தது. முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். அப்புறம்? அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. சமையலறையைத் தாண்டிப் பின்னால் போனேன்.

என் மனைவி அங்கே சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. அவளுக்கு எதிரே அந்த வேலித் துண்டு.

"இது எப்படிங்க இங்க வந்துச்சு?" என்றாள்.

அவளை உட்காரச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தேன், அவள் உட்கார்ந்திருந்தாள். இது என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நானே அறுத்த பிறகுதானே கண்டுபிடித்தேன்?

"உனக்கு இது என்னன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? இந்த சில்வர் பெயிண்ட் நான் அடிச்சது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னாடி போய் அடிப்பேன். கறுப்பு ரொம்ப இருட்டா இருக்குன்னு நான்தான் மாத்தினேன்." அவள் வேலியைத் தொட்டுப் பார்த்தாள். "நான் அங்கேயே விட்டுட்டு வந்தேங்க. கான்ட்ராக்டர்கிட்ட விட்டுட்டு வந்தேன். இது எப்படி வீட்டுக்கு வந்துச்சு?"

எனக்கு அவள் சொன்னது உடனே ஏறவில்லை. தரையில் உட்கார்ந்தேன்.

"விட்டுட்டு வந்தேன்னா? நீ எப்ப போன?"

"எடுத்தப்ப."

"பாப்பாவை எடுத்தப்பவா?"

"ம்."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. நான் பஸ்ஸில் வந்த நேரம் முழுவதும் மனசுக்குள் பாப்பாவைக் கடலில் தேடிக்கொண்டு வந்தேன். கடலில் இல்லை என்பது தெரிந்ததும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. "எங்க இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"கோயிலுக்குப் பின்னால மாடம் கட்டியிருக்காங்கல்ல, சாம்பல் வைக்கிற இடம். நம்ம பழைய கோயில்ல. அங்க இருக்கா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கைப்பையை இறக்கிக் கீழே வைத்தாள். "நான் எத்தன வருஷம் உங்களக் கூப்பிட்டேன்? கல்லறைத் திருநாள்னு சொன்னாலே உங்களுக்கு வேல வந்துரும். ஒரு தடவ அவ சட்டையப் பெட்டியில பாத்துட்டு, அன்னிக்கு முழுக்க வீட்டுக்கு வரல நீங்க. அதுக்கப்புறம் நான் கேக்கல. தையல் பேக்டரியில என்கூட ஒருத்தி வேல பாக்குறாள்ல, அவ இன்னும் அந்தப் பங்குதான். பூசையில சொன்னாங்கன்னு வந்து சொன்னா. நான் போய்ப் பதிஞ்சேன். உங்களக் கூட்டிட்டுப் போயிருந்தா நீங்க தாங்க மாட்டீங்க. எனக்கு உங்களப் பாக்குறதா, அவளப் பாக்குறதா?"

"தனியாவா போன?"

"பக்கத்து வீட்டு மாச்சிக் வந்தாங்க."

அடுத்த வீட்டு மலாய் அம்மா. தினமும் லிஃப்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர், நோன்புப் பெருநாளுக்குக் கேக் கொண்டுவந்து கொடுக்கிறவர். என் மகளின் குழியருகே நின்றிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல் என்னோடு எட்டு மாடி இறங்கியிருக்கிறார்.

"என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"ஒண்ணுமே இல்லங்க." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த ஆளு ரொம்ப மெதுவாத் தோண்டினாரு. கடைசில கையால தோண்டினாரு. எலும்புகூட இல்ல. ஒரு இடத்துல மட்டும் மண்ணு கறுப்பா இருந்துச்சு. 'அவ்வளவுதாம்மா, சின்னப் பிள்ளைன்னா இப்படித்தான்'னாரு. அந்தக் கறுப்பு மண்ண அள்ளித் துணியில வச்சுக் குடுத்தாங்க. அதத்தான் எரிச்சாங்க. நான் மடியில வச்சுட்டு உக்காந்திருந்தேன். சூடா இருந்துச்சுங்க. வெயில்ல கிடந்த மண்ணுதான், ஆனா சூடா இருந்துச்சு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் அழுததைப் பார்த்து அவளும் அழுதாள். மகன் விளையாடிவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்று எங்களைப் பார்த்தான். அவன் பயந்துபோவான் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அவன் வேலியைப் பார்த்துவிட்டு, "அக்காவோடதா?" என்றான்.

அவனுக்கும் தெரிந்திருந்தது. பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருஷா வருஷம் அம்மாவோடு போனவன் அவன்தானாம். மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான். அன்றைக்கு இன்னும் எத்தனை அதிர்ச்சி பாக்கி இருக்கிறது என்று நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

அந்த வேலியை மறுபடி நான் வைஸில் பிடிக்கவில்லை. எங்கள் வேலித் துண்டையும் அறுத்த கம்பிகளையும் மஞ்சள் கோடு தெரிந்த கம்பியையும் மற்ற இரண்டு துண்டுகளோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, சலவை இயந்திரத்துக்குப் பின்னால் நிறுத்தினேன். மற்ற இரண்டும் யாருடையவை என்று தெரிந்தால் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பழைய பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "யாருன்னு கண்டுபிடிச்சாலும் இப்ப கொண்டுபோய்க் குடுத்தா அவங்களுக்கு என்னப்பா ஆகும்? உனக்கு ஆனதுதானே ஆகும்?" என்றார். அது சரியாகத்தான் பட்டது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு காலையில், நான் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி கேட்டாள்: "இன்னிக்கு காராங்குனி வருவான். அந்தக் கம்பிய குடுத்துடவாங்க? வேணாம்னா வேணாம்."

பழைய சாமான் வாங்குகிறவனிடம் கொடுப்பதற்கு என்னைக் கேட்கிறாள். எனக்கு அது புதிதாக இருந்தது. "நானும் இருக்கேன். சேந்து குடுப்போம்" என்றேன். அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இருவருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து லிஃப்டில் இறக்கிக் கொடுத்தோம். அவன் தள்ளுவண்டியில் பழைய ரேடியோவுக்கும் செய்தித்தாள் கட்டுக்கும் மேலே அதை வைத்துக்கொண்டு போனான். எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கேட்டைப் புதுக் கம்பியில் செய்தேன். கடைக்காரரிடமே சின்னத் துண்டுகளாக அறுத்து வாங்கிவிட்டேன். ராவுவதும் ஓட்டை போடுவதும் மட்டும் வீட்டில். ஓட்டை போடும்போது பட்டை ஆடாமல் இருக்க மனைவி மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். சத்தம் தாங்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டே, அவள் பாப்பாவைப் பற்றி ஏதாவது சொல்வாள். எந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்குவாள், பால் குடிக்கும்போது எந்தக் கையால் புடவையைப் பிடிப்பாள். சிலது எனக்குத் தெரிந்திருந்தது. நிறையத் தெரியவில்லை.

அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு மூவரும் போனோம். சிராங்கூன் சாலையில் இறங்கி, மனைவி வெள்ளைச் சாமந்தியாகப் பார்த்து வாங்கினாள். கோயிலுக்குப் பின்னால் ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கதவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பக்கத்தில் பூ வைக்க ஒரு சின்ன வளையம். கூட்டம் நெருக்கியடித்தது. எங்கே என்று நான் கீழ் வரிசைகளில் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தி, அண்ணாந்து மேலே காட்டினாள். கடைசி வரிசை. அவள் கைக்கு எட்டாது, மகனுக்கும் எட்டாது.

"இவ்வளவு மேலயா? நீ எப்படிப் பூ வைப்ப?"

"யாராவது உயரமான ஆளாப் பாத்துக் கேப்பேன்" என்றாள். "போன தடவ ஒரு யூரேசியன் தாத்தா வச்சுக் குடுத்தாரு."

பூவை என் கையில் கொடுத்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் எழும்பி, வளையத்தில் காம்புகளைச் செருகினேன். ஒரு பூ சரியாக நிற்காமல் சாய்ந்தது. "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்று கீழேயிருந்து சொன்னாள். தள்ளினேன்.